சீனாய்க்கு அடியில் ஒரு சமையலறை

1967 ஜூன் மாதம் ஆறு நாள் நடந்த போரில் எகிப்து சீனாய்ப் பாலைவனத்தை இஸ்ரேலிடம் இழந்தது. அடுத்த மாதம் சித்தூரில் தனராஜ் தன் வீட்டை இழந்தான். முதல் இழப்பைப் பற்றி ஐக்கிய நாடுகள் சபை ஒரு தீர்மானம் இயற்றியது. இரண்டாவது இழப்பைப் பற்றி எருசலேம் சமாதான சங்கம் ஒரு தீர்மானம் இயற்றியது. இரண்டும் ஒருமனதாக நிறைவேறியவை. இரண்டும் நல்ல நடையில் எழுதப்பட்டவை.

எருசலேம் சமாதான சங்கம் பழைய மிஷன் காம்பவுண்டில் இருந்தது. ஓய்வு பெற்ற கிறிஸ்தவ உத்தியோகஸ்தர்கள் சனிக்கிழமை மாலைகளில் அங்கே கூடுவார்கள். உலகத்தில் எந்த நாட்டில் ஆட்சி மாறினாலும், அதனால் யூதர்களுக்கும் பாலஸ்தீன அரபிகளுக்கும் இடையே சமாதானம் நெருங்குகிறதா விலகுகிறதா என்று இருட்டுவதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. நெருங்குகிறது என்றால் மணி அடிக்கப்படும். விலகுகிறது என்றால் டீ மட்டும் கொடுக்கப்படும். மணி அடிப்பதும் டீ கொடுப்பதும் தனராஜின் வேலை. அவன் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பம்தான் காம்பவுண்டைப் பெருக்கி, மணி அடித்து, தெற்கு மூலையிலிருந்த ஓட்டு வீட்டில் வாழ்ந்துவந்தது.

தலைவர் ஆர்தர் ஓய்வு பெற்ற சப்-ஜட்ஜ். செயலாளர் தியோடர் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் கற்பித்தவர். அவர் பார்த்த ஒரே வெளிநாடு கொழும்பு. அதையும் கப்பலிலிருந்துதான் பார்த்தார். இறங்குவதற்குள் வாந்தி வந்துவிட்டது.

சங்கத்தின் பெருமை அதன் மணல் வரைபடம். காம்பவுண்டின் நடுவில், நீவா ஆற்று மணலைக் கொட்டி, பாலஸ்தீன நாட்டைத் தரையிலேயே செய்துவைத்திருந்தார்கள். மத்தியதரைக் கடலுக்கு நீலப் படுதா. யோர்தான் நதிக்குத் தகரக் கால்வாய். சாக்கடல் ஓர் அலுமினிய டேக்சாப் பாத்திரம். அது தனராஜின் மனைவி தபீதாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அகதி முகாம்களுக்கு வெள்ளைக் கற்கள். எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பது பற்றிச் சங்கத்துக்குக் கருத்து கிடையாது. எங்கே இருக்கிறதோ அங்கே காட்ட வேண்டும் என்பதுதான் கொள்கை. எனவே போர் முடிந்ததும், வரைபடத்தைத் தெற்கே நீட்டத் தியோடர் பிரம்பும் அளவு நாடாவுமாக வந்தார்.

“தனராஜ், உன் வீடு எங்கே இருக்கிறது, சொல்.”

“காம்பவுண்டு தெக்கு மூலையில சார்.”

“அது பழைய நிலைமை. இப்போது அது சீனாயில் இருக்கிறது.”

தனராஜ் திரும்பி வீட்டைப் பார்த்தான். அது நகர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆர்தர் அவனை அழைத்து, நாற்காலியிலிருந்து எழாமல் விளக்கினார். “நாங்கள் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. வரைபடத்தை உள்ளபடி காட்டுகிறோம், அவ்வளவுதான். இது தற்காலிகம். சீனாய் எகிப்திடம் திரும்புகிற நாளில் உன் இடம் உன்னிடம் திரும்பும். நான் முப்பது வருடம் தீர்ப்புச் சொன்னவன். இது என் வாயிலிருந்து வருகிறது என்றால் டிக்ரி என்று எடுத்துக்கொள்.”

வீடு இடிக்கப்பட்டது. ஓடுகள் வீணாகவில்லை, அவற்றைக் குவித்துச் சீனாய் மலை செய்தார்கள். தனராஜும் தபீதாளும் சிறுமி ஜெயகுமாரியும் வடக்கு ஓரத்தில், மணிக்கூண்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகைக்குப் போனார்கள். மணிக்கயிறு கூரையிலிருந்த ஓட்டை வழியாகக் கொட்டகைக்குள்தான் இறங்கும். மழையில் மணி அடித்தால் தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து பாயில் சொட்டும். தபீதாளுக்கு இளைப்பு நோய் இருந்தது.

“அந்த எகிப்துக்காரன் எப்ப வருவானாம்?” என்று அவள் கேட்டாள்.

“சீக்கிரம்னு சொல்லிக்கினு கீறாங்க.”

வீடு திரும்பத் தரும் விஷயம் ஒவ்வொரு கூட்டத்திலும் நிகழ்ச்சிநிரலில் இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, ‘பாலஸ்தீனர் பிரச்சினையும் தனராஜ் வீடும்’ என்று ஒரே பொருளாக, கடைசியில் வைத்திருந்தார்கள். எளிதானவற்றை முதலில் பேசி முடித்துவிட்டுக் கடினமானதற்கு வருவதுதான் உலகம் முழுவதும் பின்பற்றப்படும் முறை என்று தியோடர் சொல்வார். எளிதானவை முடிவதற்குள் டீ வந்துவிடும். டீ கொண்டுவருகிறவன் தனராஜ் என்பதால் அவனுக்கு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

பத்து வருடத்தில் தனராஜுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் காந்தி ரோட்டில் கிருஷ்ணப்பா டீக்கடைக்குப் போய் ரேடியோவில் வெளிநாட்டுச் செய்தி கேட்காமல் அவனால் வேலை செய்ய முடியவில்லை. கிருஷ்ணப்பா தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற ஆள்.

“ஏமய்யா தனராஜ், மீ சீனாய் எப்புடு வஸ்துந்தி, எப்ப வருது?”

“அமெரிக்காவுல எலெக்சன் முடியட்டும்னு சொல்றாங்கப்பா.”

“பாகுந்தி. அங்க ஓட்டு போட்டா இங்க ஊடு. என் கடைக்குக் கரண்டு வரணும்னா எந்த தேசத்துல ஓட்டு போடணும், கொஞ்சம் கேட்டுக்கினு வா.”

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். தனராஜ் சிரிக்கவில்லை. அவன் உண்மையாகவே கேட்டுவரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

அந்த முறை அமெரிக்காவில் ஒரு வேர்க்கடலை விவசாயி ஜனாதிபதியானார். சித்தூர் மாவட்டத்தில் வேர்க்கடலை தெரியாதவர் கிடையாது. சங்கம் சிறப்புக் கூட்டம் போட்டது. ஆர்தர் வரைபடத்தின் தென்பகுதியில், மேடான இடம் பார்த்து நின்று பேசினார்.

“வேர்க்கடலை பயிரிடுகிறவன் மண்ணின் அருமை அறிந்தவன். மண்ணின் அருமை அறிந்தவன் அடுத்தவன் மண்ணை ஒருநாளும் வைத்துக்கொள்ள மாட்டான். வைத்துக்கொள்கிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் மாட்டான்.”

கைதட்டல் எழுந்தது. அவர் நின்றிருந்த மேடு தபீதாளின் அம்மிக்கல் இருந்த இடம்.

கங்காதர நெல்லூரிலிருந்து ஒரு மூட்டை வேர்க்கடலை வரவழைத்து வாஷிங்டனுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. தனராஜ் அதைத் தலையில் சுமந்து தபாலாபீசுக்குப் போனான், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, திரும்பவும் சுமந்துவந்தான். அமெரிக்க மக்களின் சார்பில் உறுப்பினர்களே அதை உண்பது என்று தீர்மானம் திருத்தப்பட்டது. வறுத்துக் கொடுத்தது தபீதாள். புகை அவளுக்கு ஆகாது என்பதால் நடுநடுவே வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தக் கோடையில் பாகாலாவிலிருந்து ஜெயகுமாரிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையனுடைய அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். அம்மா எலிசபெத் கறாரான பெண்மணி. பெண் பிடித்துவிட்டது, இனி பெண் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள்.

“இதோ, இதான் ஊடு” என்று தனராஜ் மணலைக் காட்டினான். “அந்த மலை கீதே, அது எங்க ஓடு. அதுக்கு இந்தாண்ட சமையல்கட்டு.”

எலிசபெத் மணலைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். “இன்னாங்க, இந்தாளு இன்னா சொல்றாரு?”

உதவிக்குத் தியோடர் பிரம்போடு இறங்கிவந்தார். “அம்மா, பயப்பட வேண்டாம். இது தற்காலிக ஆக்கிரமிப்பு. இஸ்ரேலில் இந்த மாதம் தேர்தல். அந்த நாடு பிறந்ததிலிருந்து ஆளுகிற கட்சியே திரும்ப வரும். மிதவாதிகள். அமெரிக்காவில் வேர்க்கடலை, இஸ்ரேலில் மிதவாதம். எல்லாம் கூடி வருகிறது. மணலை அள்ளிவிட்டுக் கல்யாணப் பந்தலே இங்கே போடலாம்.”

“எங்க ஊரு ஜங்ஷன் சார்” என்றாள் எலிசபெத். “நாங்களும் காத்துக்கினு கெடக்கறவங்கதான். ஆனா வண்டி லேட்டுன்னா எவ்ளோ லேட்டுன்னு போர்டுல எழுதிப் போடுவாங்க. உங்களுது எந்த போர்டுல எழுதுவீங்க?”

ஆனாலும் பெண் பிடித்திருந்தது. தேர்தல் முடிவு வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இஸ்ரேலியத் தேர்தல் முடிவுக்காகப் பாகாலாவில் ஒரு ரயில்வே குடும்பம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த செய்தி அந்த நாட்டில் யாருக்கும் தெரியாது.

மிதவாதிகள் தோற்றார்கள். பிடித்த இடத்தில் ஒரு பிடி மண்ணையும் விடக்கூடாது என்கிறவர்கள் ஜெயித்தார்கள். தியோடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முடிந்தது. கடும்போக்காளர் கையிலிருந்து எதுவும் திரும்ப வராது. இது பூகோளம் அல்ல, மனித சுபாவம்.” அன்றைக்கு டீ மட்டும் கொடுக்கப்பட்டது. பாகாலாப் பையனுக்குப் புத்தூரில் பெண் எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் வீடு எந்த வரைபடத்திலும் இல்லை.

ஜெயகுமாரி திருப்பதியில் ஒரு பெண்கள் விடுதிக்குச் சமையல் வேலைக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது கேட்டாள்:

“நைனா, இஸ்ரேல்ல புது மந்திரிங்க பேரெல்லாம் உனுக்குத் தெரியுமா?”

“தெரியுமே” என்று அவன் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான்.

“போதும். பாகாலா மாப்ள பேரு இன்னா? அதச் சொல்லு.”

தனராஜ் யோசித்தான். பஸ் போய்விட்டது.

நவம்பரில் கடற்கரையெல்லாம் புயல். சித்தூரில் மழை நிற்காமல் பெய்தது. அந்த மழையில்தான் எகிப்து ஜனாதிபதி விமானமேறி எருசலேமுக்கே போனார் என்ற செய்தி வந்தது. ஒரு பிடி மண்ணும் தராத அதே கடும்போக்காளர் விமானத்தடியில் நின்று கைகொடுத்து வரவேற்றார். தியோடர் குடையோடு ஓடிவந்தார்.

“நான் அப்போதே சொன்னேன், தனராஜ்! கடும்போக்காளரால்தான் திருப்பிக் கொடுக்க முடியும். மிதவாதி கொடுத்தால் சொந்த ஜனமே விடாது.”

“அவரு குடுக்கவே மாட்டாருன்னு சொன்னீங்களே சார்.”

“அது மே மாதத்துக் கருத்து. இது நவம்பர். போய் மணி அடி.”

தனராஜ் உற்சாகமாக அடித்தான். உலகத்தில் அன்று அவனளவுக்கு யாரும் அடித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் கயிற்றிலிருந்து தண்ணீர் இறங்கித் தபீதாளின் பாயை நனைத்தது. அவள் சுருண்டுகொண்டு மூச்சுக்குத் திணறினாள்.

“போதும் விடு, ஜெயா நைனா. இன்னும் ரெண்டு சமாதானம் வந்தா நான் செத்தே பூடுவேன்.”

சமாதானம் தொடர்ந்து வந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் ஒரு மலைமேல் பங்களாவில் மூன்று நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். மறு வருடம் உடன்படிக்கை கையெழுத்தானது. சீனாய் திரும்பும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள், ஆனால் கட்டம் கட்டமாக. பாலஸ்தீனர்களுக்கு என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அது பிற்பாடு பேசப்படும் என்று உடன்படிக்கையிலேயே இருப்பதாகத் தியோடர் பெருமையோடு சொன்னார். “நம் நிகழ்ச்சிநிரலைப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது.”

1980 ஜனவரியில் சீனாயின் மேற்குப் பகுதி திரும்பியது. தனராஜ் போய்க் கைகட்டி நின்றான்.

“ஐயா, மேக்கால பக்கம் வந்துருச்சாம். எங்க சமையல்கட்டு மேக்காலதான்.”

ஆர்தர் பரிவோடு கேட்டுக்கொண்டார். முதற்கட்டமாக, மேற்குச் சீனாயில் துணி உலர்த்திக்கொள்ள அனுமதி வழங்கினார். தபீதாள் கொடி கட்டிப் புடவை காயப்போட்டாள். வெகுநாள் கழித்து அன்றைக்கு அவள் ஒரு பாட்டு முணுமுணுத்தாள். அடுத்த சனிக்கிழமை, புடவை சூயஸ் வளைகுடாவை மறைக்கிறது என்று தியோடர் ஆட்சேபித்ததால் கொடி அவிழ்க்கப்பட்டது.

அமெரிக்காவில் வேர்க்கடலைக்காரர் தோற்று ஒரு நடிகர் வந்தார். நடிகர் ஆட்சி நமக்குப் புதிதல்ல, நகரியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் பார்க்கலாம் என்று ஆர்தர் சொல்ல, சங்கம் சிரித்தது. தனராஜ் அந்த நடிகர் நடித்த படம் ஏதாவது பார்த்தால் குணம் தெரியும் என்று விசாரித்துப் பார்த்தான். சித்தூர் டாக்கீஸ் எதிலும் ஓடவில்லை.

அதற்கு அடுத்த வருடம் எகிப்து ஜனாதிபதியை அணிவகுப்பு மேடையிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தனராஜ் டீக்கடையிலிருந்து தள்ளாடிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுதான். இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

“உங்க நைனா செத்தப்பகூட நீ இப்டி அழல” என்றாள் தபீதாள்.

“எங்க நைனா சாவறப்ப ஊடு இருந்துச்சுமே.”

ஆனால் எகிப்தின் புதிய ஜனாதிபதி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1982 ஏப்ரலில் கடைசி இஸ்ரேலியச் சிப்பாயும் சீனாயை விட்டு வெளியேறினான். தனராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டான். திருப்பதியிலிருந்து ஜெயகுமாரி வந்திருந்தாள். அவளுக்கு அதற்குள் முன்நெற்றியில் இளநரை தெரிந்தது. தபீதாள் புது விளக்குமாறு வாங்கிவைத்திருந்தாள். நாலு மூங்கிலும் மண்வெட்டியும் தயார். அந்தச் சனிக்கிழமை தனராஜ் கடைசிப் பொருள் வரும்வரை டீ கொண்டுபோகவே இல்லை. சங்கத்தின் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசிப் பொருள் விவாதத்துக்கு வந்தது.

ஆர்தருக்கு அப்போது எண்பதை நெருங்கிவிட்டது. குரல் மட்டும் தேயவில்லை.

“தனராஜ், உன் மகிழ்ச்சியில் நாங்களும் பங்குகொள்கிறோம். சீனாய் திரும்பிவிட்டது. யாரிடம்? எகிப்திடம். பதினைந்து வருடம் அன்னியன் கையில் கிடந்து, இரத்தம் சிந்தி, பேச்சுவார்த்தை நடத்தி, ஒரு தலைவரையே பலிகொடுத்து மீட்ட மண். அதில் இன்றைக்கு நீ மூங்கில் நட்டால் அதற்கு என்ன பெயர்?”

“ஊடுங்கய்யா” என்றான் தனராஜ்.

“ஆக்கிரமிப்பு” என்றார் ஆர்தர். “ஒருவன் ஆக்கிரமித்து இப்போதுதான் போயிருக்கிறான். நீ ஆரம்பிக்கிறாயா?”

உறுப்பினர்கள் வருத்தத்தோடு அவனைப் பார்த்தார்கள். அவனிடமிருந்து அவர்கள் அதை எதிர்பார்க்கவில்லை.

“நீங்க டிக்ரின்னு சொன்னீங்களேய்யா.”

“டிக்ரிதான். நான் இல்லை என்கவில்லை. நிறைவேற்றுவதற்குத்தான் இடமில்லை.”

அவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. உண்மையான சீனாயில் காவலுக்குப் பன்னாட்டுப் படை வந்திருந்தது. அதைப்போலவே தனராஜ் சங்கத்தின் சீனாய்க்குக் கண்காணிப்பாளனாக நியமிக்கப்பட்டான். ஒரு விசில் கொடுத்தார்கள். யாராவது மணலில் கால்வைத்தால் ஊத வேண்டும். மறுநாள் காலை ஜெயகுமாரி, சமையலறை இருந்த இடத்தை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே இறங்கினாள். தியோடர் வராந்தாவில் நின்றிருந்தார். தனராஜ் அவரைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், ஊதினான். அவள் அப்படியே பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சீனாயில் அமைதி நிலவுகிறது என்று அந்த வாரக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

ஜூன் மாதம் இஸ்ரேலியப் படைகள் வடக்கே லெபனானுக்குள் புகுந்தன. அங்கே இருந்த பாலஸ்தீன அகதி முகாம்கள்மீது குண்டு விழுந்துகொண்டிருப்பதாகக் கிருஷ்ணப்பாவின் ரேடியோ சொன்னது. தியோடர் பிரம்பையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு வரைபடத்தின் வடகோடிக்கு நடந்தார். கலிலேயாவிலிருந்து அளந்துகொண்டே போனார். பிரம்பின் நுனி தகரக் கொட்டகையின் கதவில் முட்டியது.

தபீதாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

“தற்காலிகம்தான்” என்றார் தியோடர்.

“தெரியும் சார்” என்றான் தனராஜ். பிறகு கவலையோடு கேட்டான்: “இதுக்கு எந்த ஊர்ல எலெக்சன் வரணும்?”

தியோடர் அவனைப் பெருமிதத்தோடு பார்த்தார். நாற்பது வருட ஆசிரிய வாழ்வில் அப்படி ஒரு மாணவன் அவருக்குக் கிடைத்ததில்லை. “அதைத்தான் சனிக்கிழமை ஆராயப்போகிறோம்.”

கொட்டகையைப் பிரித்தார்கள். மணிக்கூண்டும் கயிறும் மட்டும் நின்றன. நீவா மணல் வண்டியில் வந்து இறங்கியது. லெபனான் நன்றாகவே அமைந்தது. ஆனால் முகாம்களுக்கு வெள்ளைக் கற்கள் போதவில்லை. தபீதாளின் அடுப்புக் கற்கள் மூன்றுக்கும் சுண்ணாம்பு அடித்து வைக்கலாம் என்று தியோடருக்குத் தோன்றியது. தனராஜ் அடித்தான். காயவைத்து, அவர் பிரம்பால் காட்டிய இடத்தில் நெருக்கமாக வைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை அவர்கள் மணிக்கூண்டின் நிழலில் இருந்தார்கள். தபீதாளுக்கு இளைப்பு அதிகமாயிருந்தது. சுடுகஞ்சி இல்லாமல் மூச்சு இறங்காது. கல் எங்கே என்று தேடினாள். அது இருக்கும் இடத்தைக் கண்டதும் சட்டியையும் சுள்ளியையும் எடுத்துக்கொண்டு போய், லெபனானில் உட்கார்ந்து, மூன்று வெள்ளைக் கற்களுக்கு நடுவே நெருப்பு மூட்டினாள். ஈரச் சுள்ளி. புகை எழுந்தது. அவள் இருமிக்கொண்டே ஊதினாள்.

தனராஜ் விசிலை வாயில் வைத்தான். வராந்தாவைப் பார்த்தான்.

வராந்தாவில் கூட்டம் ஆரம்பமாகியிருந்தது. ஆர்தர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார். முகாமிலிருந்து புகை மேலே போய்க்கொண்டிருந்தது. புகைக்கு நடுவே ஒரு கிழவி குனிந்து இருமுவது தெரிந்தது.

“ஊதாதே, ஊதாதே!” என்று கையமர்த்தினார் ஆர்தர். “எவ்வளவு தத்ரூபம்! தியோடர், இந்த யோசனை உங்களுடையதா?”

தியோடர் அடக்கமாகத் தலைகுனிந்தார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டம் ஆரம்பிக்கும் நேரத்துக்குச் சரியாகத் தபீதாள் அங்கே அடுப்பு மூட்ட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. மற்ற நாட்களில் முகாம்களைத் தொடக்கூடாது.